ஓரியூர்ச் செம்மண்ணும் ஒரு ஜப்பானியப் படமும்

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு வளவில் மாதம் ஒரு படம் போடுகிறோம். பதினைந்து பேர் வருவார்கள், பாதிப்பேர் வயதானவர்கள். நம்பிக்கைக்காகக் கொடுமைப்பட்டவர்களைப் பற்றிய பழைய படம் ஒன்று சொல்லுங்கள். எல்லாரும் சொல்கிற படமாக இருக்க வேண்டாம். எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னால் நல்லது."

தம்பி, பட்டியல் எல்லாம் வேண்டாம், ஒரே படம் சொல்கிறேன். ஜப்பானிய இயக்குநர் மசாஹிரோ ஷினோடா 1971ல் எடுத்த 'சின்மோக்கு'. மௌனம் என்று பொருள். ஷுசாகு எண்டோ 1966ல் எழுதிய நாவல்தான் மூலம். திரைக்கதைக்கும் எண்டோ ஷினோடாவோடு சேர்ந்து உட்கார்ந்தார். 1972ல் கான் திரைப்பட விழாவில் போட்டிக்குப் போன படம் இது. அதன் பிறகு பேச்சே இல்லை. 2016ல் மார்ட்டின் ஸ்கோர்செஸி அதே நாவலை எடுத்தபோது இதை நாலு பேர் தேடிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். 'மௌனம்' என்றாலே ஸ்கோர்செஸி படம்தான் என்று ஆகிப்போனது. ஷினோடா 2025ல் காலமானபோது வந்த அஞ்சலிகளில்கூட அவருடைய வேறு படங்களைத்தான் பெரிதாகப் பேசினார்கள்.

கதை சுருக்கம்தான். பதினேழாம் நூற்றாண்டு. ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருக்கிறது, குருமாரைக் காட்டிக்கொடுத்தால் வெள்ளிக்காசு. ஃபெரெய்ரா என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு சித்திரவதை தாங்காமல் மதத்தை மறுத்துவிட்டார் என்று செய்தி வருகிறது. நம்ப முடியாத அவருடைய மாணவர்கள் இருவர், ரோட்ரிகஸும் கார்ப்பும், இருட்டில் படகில் வந்து இறங்குகிறார்கள். மலைக்கிராமத்து ஏழைகள் அவர்களை ஒளித்து வைக்கிறார்கள். காட்டிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறான், பிடிபடுகிறார்கள். ரோட்ரிகஸ் கடைசியில் என்ன செய்கிறார் என்பதுதான் படம்.

நம் பக்கத்து ஆளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். தேவகோட்டையிலிருந்து திருவாடானை தாண்டிப் போனால் ஓரியூர். நான் தேவகோட்டையில் படித்தவன். எங்கள் வீட்டில் கும்பிட்டது முருகனை, பள்ளிக்கூடத்தில் கும்பிடச் சொன்னது அருளானந்தரை. இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. ஆறாம் வகுப்பில் பஸ் வைத்து ஓரியூருக்குக் கூட்டிப்போனார்கள். அந்தத் திட்டில் மண் சிவப்பாக இருக்கும், அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பார்கள். காகிதத்தில் பொட்டலம் கட்டி ஒரு பிடி எடுத்துவந்தேன். அப்பத்தா அதை வாங்கித் திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் திருநீறு, அப்புறம் கொஞ்சம் செம்மண்.

அந்த அருளானந்தர் லிஸ்பனில் 1647ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ. அவரும் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குருதான். பண்டாரச் சாமி கோலத்தில் காவி கட்டி மறவர் சீமைக்குள் நடமாடியவர். 1686ல் பிடித்துச் சித்திரவதை செய்து, இந்தப் பக்கம் திரும்ப வராதே என்று விரட்டினார்கள். ஐரோப்பா போனவர் 1690ல் மறுபடி வந்து நின்றார். 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். 1947ல் புனிதர் பட்டம். ஆக, ரோட்ரிகஸ் எங்கிருந்து கிளம்பினாரோ அதே நாட்டிலிருந்து, அதே சபையிலிருந்து, அதே நூற்றாண்டில் ஒருவர் நம் வாசலுக்கு வந்திருக்கிறார். இன்னொரு கொடியும் ஓடுகிறது. 1549ல் ஜப்பானில் காகோஷிமாவில் இறங்கி முதலில் கிறிஸ்தவம் போதித்த பிரான்சிஸ் சவேரியார், அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தவர். நம் கடற்கரையில் காலில் ஒட்டிய மணலோடுதான் அவர் அங்கே போனார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரோட்ரிகஸுக்கும் அசல் ஆள் உண்டு. ஜுஸெப்பே கியாரா, சிசிலிக்காரர். பிடிபட்டு, மதத்தை மறுத்து, இறந்துபோன ஒரு ஜப்பானியனின் பெயரையும் மனைவியையும் ஏற்றுக்கொண்டு, எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், காவலுக்குள்ளேயே வாழ்ந்து 1685ல் செத்தார். மறு வருஷம்தான் இங்கே டி பிரிட்டோவை முதல் தடவை பிடிக்கிறார்கள். ஒருவருக்கு ஓரியூரில் கோபுரம், திருவிழா, மொட்டை, கிடாவெட்டு எல்லாம் இருக்கிறது. இன்னொருவர் பெயரைக் கேட்டால் சரித்திரம் படித்தவர்களே விழிப்பார்கள். இந்தப் படம் அந்த இரண்டாவது ஆளைப் பற்றியது. அதனால் தியாகி படம் பார்க்கிற மனசோடு உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். தலை கொடுப்பவனுக்காகக் கண்ணீர் விடத் தயாராக வந்தவனை, மிதித்தவன் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார் ஷினோடா.

மிதிப்பது என்றேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிறிஸ்தவனா இல்லையா என்று கண்டுபிடிக்க ஜப்பானிய அதிகாரிகள் வைத்திருந்த உபாயத்துக்கு 'ஃபுமியே' என்று பெயர். மிதிக்கிற படம். யேசு உருவமோ மரியாள் உருவமோ வார்த்த உலோகத் தகட்டை மரப்பலகையில் பதித்துத் தரையில் வைப்பார்கள். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து கால் வைத்துவிட்டுப் போக வேண்டும். தயங்கினாலே போதும், பிடித்துக்கொள்வார்கள். நாகசாகி பக்கம் இதை வருஷா வருஷம் செய்தார்கள். அந்தத் தகடுகள் இன்னும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்களில் பார்த்திருக்கிறேன், முகம் தேய்ந்து வழவழவென்று இருக்கும், பழைய பித்தளைக் குத்துவிளக்கின் தண்டு கைபட்டுத் தேய்ந்த மாதிரி.

ஐரோப்பிய விமர்சகர்கள் இந்தக் காட்சியை எழுதும்போது 'ஒரு அடையாளச் செயல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நமக்கு அப்படிப் போக முடியாது. பேரேட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். நிலைப்படியை மிதித்தாலே ஏசுவார்கள். காலும் சாமியும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பட்டாலையில் வெள்ளைத் துப்பட்டி கட்டி இந்தப் படத்தைப் போட்டேன். ஒன்பது பேர். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர், எண்பது வயதிருக்கும், முதலில் "ஜப்பான்காரன் படமா, எனக்கு வேண்டாம்ப்பா" என்றார். செட்டிநாட்டில் ஜப்பான்காரன் என்றால் பர்மாதான் ஞாபகம் வரும். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்ததும், அங்கே தொழில் செய்த நம் ஆட்கள் கடை, வயல், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். என் ஐயாவே அங்கே ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளிக்கு உதவியாளாக இருந்து, நடந்து வந்து சேர்ந்தவர். ஜப்பானைச் சாகும்வரை ஏசினார். முகப்புச் சுவரில் பதித்திருக்கிற ஜப்பான் பூ ஓட்டை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

சரி, ஆச்சி உட்கார்ந்தார். கால் நீட்டி, தூணில் சாய்ந்துகொண்டு. கிராமத்தான் ஒருவன் அந்தத் தகட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறான். கால் எழும்புகிறது. நான் தற்செயலாகத் திரும்பினேன். ஆச்சி தன் இரண்டு காலையும் மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். படம் முடிகிறவரை நீட்டவில்லை. முட்டிவலிக்காரர் அவர்.

அந்தக் காலடியைத்தான் கவனிக்கச் சொல்வேன். முகங்களில் வேதனை தெரியும், அது எந்தப் படத்திலும் தெரியும். காலில்தான் மனிதனுக்கு மனிதன் வித்தியாசம். சிலர் மேலே வைத்து எடுக்கிறார்கள். சிலர் ஓரத்தில் வைக்கிறார்கள். எவன் உண்மையில் நம்பிக்கை இல்லாதவனோ அவன் காலில் பாரமே இருக்காது.

பாதிரியை விசாரிக்கிற அதிகாரி இனோவே வருகிற இடங்கள் படத்தின் உயிர். எய்ஜி ஒகாடா நடித்திருக்கிறார். 1964ல் வந்த 'மணல்வெளிப் பெண்' படத்தில் மணல் குழிக்குள் அகப்பட்டுக்கொண்டு தவித்த அதே ஆள், இங்கே மற்றவர்களைக் குழியில் தொங்கவிடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். குரலை உயர்த்துவதில்லை. பாதிரியைத் தொடுவதும் இல்லை. அடித்தால் பாதிரி தியாகியாகிவிடுவார், அவருக்கு ஒரு ஓரியூர் கிளம்பிவிடும் என்று இனோவேக்குத் தெரியும். அதனால் கிராமத்து ஏழைகளை அடிக்கிறார். கடலில் மரக்கழி நட்டு அதில் கட்டி, அலை ஏற ஏற விடுகிறார்கள். தலைகீழாகக் குழிக்குள் கட்டித் தொங்கவிட்டு, சீக்கிரம் சாகாமல் இருக்கக் காதுக்குப் பின்னால் சிறு கீறல் போட்டு ரத்தம் சொட்ட வைக்கிறார்கள். இது கற்பனையல்ல, நடந்த தண்டனை. அசல் ஃபெரெய்ரா 1633ல் இந்தக் குழியில் தொங்கித்தான் சில மணி நேரத்தில் உடைந்தார். "அவர்கள் ஏற்கெனவே மதத்தை மறுத்துவிட்டார்கள், நீங்கள் மறுக்காததால்தான் தொங்குகிறார்கள்" என்று ரோட்ரிகஸிடம் சொல்வதுதான் இந்தக் கதையின் கத்தி. என் நம்பிக்கைக்கு நான் உயிரைக் கொடுக்கலாம். உன் உயிரை எடுத்து நான் எப்படிக் கொடுப்பது?

ஓரியூரைப் பற்றி எனக்கு வயதான பிறகு வந்த சந்தேகமும் இங்கேதான் முடிச்சுப்போட்டுக்கொண்டது. டி பிரிட்டோவைக் கொல்லக் காரணம் என்ன? தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் வாங்கினார். ஒரு மனைவி போதும் என்பது விதி. மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் சீமையை ஆண்ட சேதுபதிக்கு உறவுப்பெண், அவள் போய் முறையிட்டாள், அதிலிருந்து எல்லாம் கிளம்பியது. கதை சொல்கிறவர்கள் அவளை வில்லி மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்கள். பொழுது விடிந்தபோது தேவர் வீட்டு மனைவியாக இருந்து, பொழுது சாய்வதற்குள் யாருமில்லாமல் போனவள் அவள். மதம் மாறியது அவளல்ல. டி பிரிட்டோவின் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரசீது யார் பெயருக்கு வந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது இந்தப் படம்தான்.

ஃபெரெய்ராவாக டெட்சுரோ டம்பா. 1967ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஜப்பானிய உளவுத்துறைத் தலைவராக வருவாரே, அவர். ஜப்பானிய நடிகரைப் போர்த்துக்கீசியராக வேஷம் போடவைத்து ஆங்கிலம் பேச வைத்தால் எப்படி இருக்கும்? முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை அது சரி என்று பட்டது. வருஷக்கணக்கில் ஜப்பானியப் பெயரோடு, ஜப்பானிய உடையோடு, ஜப்பானிய மனைவியோடு வாழ்ந்த மனிதன் வேறு எப்படி இருப்பான்? அவர் ரோட்ரிகஸிடம் சொல்வது: இந்த நாடு ஒரு சதுப்பு நிலம், இங்கே நட்ட கன்று வேர் அழுகிப்போகும், இவர்கள் கும்பிடுகிற கடவுள் நாம் கொண்டுவந்த கடவுளே அல்ல.

நம் ஆட்கள் இந்த வாதத்தைக் கேட்டால் சும்மா இருக்கமாட்டார்கள், வளவில் நிச்சயம் சத்தம் வரும். கடல் கடந்து வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போன இடமெல்லாம் தண்டாயுதபாணியைக் கூடவே கூட்டிக்கொண்டு போனவர்கள் நகரத்தார். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859ல் வைத்த கோயில் இன்னும் இருக்கிறது, தைப்பூசத்துக்குச் சீனர்களும் வந்து நேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் கும்பிடுவது நம் முருகனையா, வேறு முருகனையா? ஓரியூரில் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறவர்களைப் பார்த்தால் லிஸ்பனில் என்ன சொல்வார்கள்? ஃபெரெய்ரா சொன்னதில் பாதி உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. கன்று வேறு மரமாகத்தான் வளர்கிறது. அழுகிப்போகிறது என்பதைத்தான் ஏற்கமாட்டேன். அவர் தான் மிதித்ததற்குச் சமாதானம் தேடிச் சொன்னது அது. 1865ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய கிறிஸ்தவக் கோயிலுக்குள், இருநூறு வருஷத்துக்கு மேல் ஒளித்துக் கும்பிட்ட குடும்பங்கள் வந்து நின்றன. அந்தக் குடும்பங்களும் வருஷா வருஷம் தகட்டை மிதித்தவைதான், வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டு ஜெபம் சொன்னவை.

அப்புறம் கிச்சிஜிரோ. மக்கோ நடித்திருக்கிறார். காட்டிக்கொடுப்பான், அழுவான், பாவமன்னிப்புக் கேட்பான், திரும்பக் காட்டிக்கொடுப்பான். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும், வரட்டும். தைரியசாலியாகப் பிறந்திருந்தால் நானும் நல்ல கிறிஸ்தவனாக இருந்திருப்பேன், கோழையாகப் பிறந்தவன் என்ன செய்ய என்பதுதான் அவன் கேள்வி. கொடுமை இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் அவன் நல்ல மனிதன் என்றே பேர் வாங்கிச் செத்திருப்பான். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படிப் பேர் வாங்கியவர்கள்தான்.

குறைகள் உண்டு. ரோட்ரிகஸாக நடித்த டேவிட் லாம்ப்ஸன் வசனம் பேசும்போது மரம் மாதிரி இருக்கிறார். பாதிரிமார் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது காதில் இடறும். முதல் அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒளிப்பதிவு கஸுவோ மியாகாவா, 'ராஷோமோன்' எடுத்தவர். நிலத்தையும் கடலையும் அவர் எடுத்திருக்கிற விதத்தில் யாருக்கும் இரக்கம் இல்லை. மழை பெய்கிறது, அலை வருகிறது, யார் சாகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இசை டோரு டகெமிட்சு. ஐரோப்பியப் பழைய சங்கீதத்தின் சாயல் ஒரு பக்கம், காதைக் கீறுகிற ஓசை ஒரு பக்கம், இரண்டும் கடைசிவரை ஒட்டாது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், வயதானவர்களை வைத்துப் படம் போடுகிறீர்கள், தெரிந்திருப்பது நல்லது. ஒரு சாமுராய், அவன் மனைவி. ஷிமா இவாஷிட்டா நடித்த பாத்திரம். அவர் ஷினோடாவின் மனைவியும்கூட. கணவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துக் குதிரையை விடுகிறார்கள், அவளிடம் தகட்டை மிதி என்கிறார்கள். அவளும் மிதிக்கிறாள். அப்படியும் கணவன் மிஞ்சவில்லை. பிற்பாடு ரோட்ரிகஸுக்குக் கொடுக்கப்படுவது அந்தக் கணவனின் பெயர், அந்தக் கணவனின் மனைவி. ஸ்கோர்செஸி தன் படத்தைச் செத்துப்போன ரோட்ரிகஸின் கைக்குள் ஒரு சிறு சிலுவையை வைத்து முடிக்கிறார். நமக்கு ஒரு ஆறுதல், பார், உள்ளுக்குள் அவன் விடவில்லை என்று. ஷினோடாவிடம் அந்தச் சிலுவை இல்லை. மிதித்தவன் ஒருவன், மிதித்தவள் ஒருத்தி, ஒரே அறை. அவன் அவளைப் பற்றிக்கொள்கிற இடத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது.

எங்கள் பட்டாலையில் அன்றைக்கு விளக்கைப் போட்டதும் ஒருவர் தத்துவம் பேசினார், ஒருவர் மதமாற்றத்தைப் பற்றி ஆரம்பித்தார், குரல் ஏறியது. ஆச்சி எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பொண்ணுகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார். பதில் சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் போடும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஜப்பானிய வசனத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுத்து ஓடும். வயதானவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். எல்லா வரியும் வேண்டாம், வாதம் நடக்கிற இடம் மட்டும். ஊமைப்படக் காலத்தில் நம் கொட்டகைகளில் ஒருவர் நின்று கதை சொல்வாராம், ஜப்பானிலும் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள். கடல் காட்சி பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் பலகாரம் இறங்கவில்லை, பால் பணியாரம் அப்படியே மிஞ்சிப்போனது.

வட்டு என்னிடம் இருக்கிறது. தேவகோட்டைப் பக்கம் வரும்போது வாங்கிக்கொண்டு போங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், அதுவரைக்கும் தூங்குவேன்.